நாற்பது கட்டில், இரண்டு சிஸ்டர்

மூன்றாவது வீட்டுத் தம்பி நேற்று சாயங்காலம் கோபத்தோடு வந்தார். அவருடைய அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள். ஊர் பெரிய ஆஸ்பத்திரியில், ஆண்கள் சர்ஜரி வார்டில் இருக்கிறார்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு டிரிப் தீந்துபோச்சு சிஸ்டரம்மா. டியூப்ல ரத்தம் ஏறி வருது. ஓடிப் போய்ச் சொன்னேன். இருபது நிமிஷம் கழிச்சுத்தான் அந்த சிஸ்டர் வந்தாங்க. வந்ததும் என்னைப் பாத்து எரிஞ்சு விழறாங்க. நாளைக்கு எழுதிக் கொடுக்கப் போறேன்."

தெருவே என்னை சிஸ்டரம்மா என்றுதான் கூப்பிடும். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. மூன்று மாவட்டங்களில் முப்பத்திரண்டு வருஷம் அரசு மருத்துவமனை வார்டுகளில் நின்றவள் நான். அவரை உட்காரச் சொல்லிவிட்டு அடுப்பில் பாலை வைத்தேன். இஞ்சியைத் தட்டிக்கொண்டே முதலில் அந்த ரத்தத்தைப் பற்றிச் சொன்னேன்.

பாட்டில் காலியானதும் மேலிருந்து இறங்கும் அழுத்தம் நின்றுவிடும். அப்போது நரம்புக்குள் இருக்கும் அழுத்தம், ரத்தத்தைக் குழாயில் கொஞ்ச தூரம் மேலே தள்ளும். பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் ஊசி முனையில் ரத்தம் உறைந்துவிட்டால் கையில் குத்தி வைத்திருக்கும் அந்த ஊசிக்குழாயை, வென்ஃப்ளானை, எடுத்துவிட்டு வேறு இடத்தில் குத்த வேண்டிவரும். அப்பாவுக்கு அது இன்னொரு வலி. அதனால் தம்பி பதறியதில் தப்பில்லை, போய்ச் சொன்னதும் சரி.

"அப்போ இருபது நிமிஷம்?"

"அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கறேன். நேத்து ராத்திரி அந்த வார்டுல எத்தனை சிஸ்டர் இருந்தாங்க?"

யோசித்தார். "ரெண்டு பேர். ஒருத்தங்க பாதி நேரம் இல்ல. தலையில அடிபட்ட கேஸ் ஒண்ணு வந்துச்சு, அதைக் கூட்டிக்கிட்டு ஸ்கேனுக்குப் போயிட்டாங்க."

"கட்டில் எத்தனை?"

"நாப்பது. கீழ பாய்லயும் சில பேர் படுத்திருக்காங்க."

டீயை ஆற்றிக் கையில் கொடுத்துவிட்டு, கிழித்துப் போட்ட காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பி எடுத்தேன். நர்சுகளின் பிரச்சினை என்றதும் எல்லோரும் சம்பளத்தில் ஆரம்பிப்பார்கள், இல்லாவிட்டால் "சேவை மனப்பான்மை குறைந்துவிட்டது" என்பதில் ஆரம்பிப்பார்கள். நான் கணக்கில்தான் ஆரம்பிப்பேன். இந்தக் கணக்கு புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

இரவு டியூட்டி பன்னிரண்டு மணி நேரம், 720 நிமிஷம். இரண்டு பேருக்கும் சேர்த்து 1,440 நிமிஷம். டியூட்டிக்கு வந்ததும் பகல் சிஸ்டரிடமிருந்து வார்டை வாங்க வேண்டும். ஒவ்வொரு கட்டிலாக நின்று, யாருக்கு என்ன ஆபரேஷன், யாருக்கு வாய்வழி எதுவும் தரக்கூடாது, யாருக்கு ரத்தம் ஏற்ற வேண்டும் என்று கேட்டு வாங்க அரைமணி. காலையில் ஒப்படைக்க அரைமணி. இரண்டு பேருக்கும் சேர்த்து 120 நிமிஷம் போச்சு. நாடி, பி.பி., காய்ச்சல், மூச்சு பார்த்துக் கேஸ் ஷீட்டில் எழுத ஆளுக்கு மூன்று நிமிஷம் என்று வையுங்கள். இரவு ஒரு முறை, காலை ஒரு முறை என்றால் 240 நிமிஷம். இருபத்தைந்து பேருக்கு நரம்பு ஊசி இருக்கும். மருந்துப் பொடியைக் கரைத்து, பெயரைச் சரிபார்த்து, மெதுவாக ஏற்றி, பிறகு சலைன் விட்டுக் குழாயைக் கழுவ ஐந்து நிமிஷம். இரண்டு வேளைக்கு 250. ராத்திரி புதிதாக நாலு கேஸ் அட்மிஷன் ஆனால், ஒன்றுக்கு நாற்பது நிமிஷம் என்று 160. ஒருவருக்குத் திடீரென்று மூச்சு நின்றால் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் அங்கேதான். அது 120.

கூட்டினால் 890. மிச்சம் 550 நிமிஷம். அதை நாற்பது பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 14 நிமிஷம்கூட வரவில்லை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு, டிரிப் மாற்ற, கட்டு நனைந்திருக்கிறதா என்று பார்க்க, மூத்திரப் பையை அளந்து கொட்ட, வலி என்பவரிடம் இரண்டு வார்த்தை பேச, எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த 14 நிமிஷம்தான்.

இதில் பாயில் படுத்திருப்பவர்களைச் சேர்க்கவில்லை. சிஸ்டர் தண்ணீர் குடித்ததையும் சேர்க்கவில்லை.

தம்பி டீயைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ எத்தனை பேர் இருக்கணும்னு விதி எதுவும் கிடையாதா?"

இருக்கிறது. போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று படுக்கைக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனையில் ஐந்துக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. அதற்கு மேல் விடுப்பை ஈடுகட்ட 30 சதவீதம் கூடுதலாக வைக்க வேண்டும். இந்த 'மூன்றுக்கு ஒன்று' என்பதைப் படித்தவர்களும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். எந்த நேரத்தில் போனாலும் மூன்று கட்டிலுக்கு ஒரு நர்ஸ் நிற்பார் என்று நினைக்கிறார்கள். அது வருகைப் பதிவேட்டில் இருக்க வேண்டிய மொத்தத் தலைக்கணக்கு. மூன்று ஷிஃப்டுக்கும் பிரித்தால் ஒரு ஷிஃப்டில் ஒன்பது கட்டிலுக்கு ஒருவர்தான் நிற்பார். நாற்பது கட்டில் வார்டுக்கு விடுப்புக் காப்பையும் சேர்த்துப் பதினேழு, பதினெட்டு பேர் பதிவேட்டில் இருந்தால்தான் ராத்திரி நாலு பேரைப் போட முடியும்.

ஏன் அவ்வளவு பேர் என்று நிதித்துறை எப்போதும் கேட்கும். அதற்கும் காலண்டர் தாளிலேயே பதில் இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு 365 நாள், நாளுக்கு மூன்று ஷிஃப்ட், மொத்தம் 1,095 ஷிஃப்ட். ஒரு நர்சுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு, அது 52. தற்செயல் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 30. அதையெல்லாம் கழித்தால் அவர் வேலைக்கு வருவது சுமார் 270 நாள். 1,095ஐ 270ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரே ஒரு இடத்தில் ஒருவர் எப்போதும் நிற்க வேண்டுமென்றால் நாலு பேர் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும். மகப்பேறு விடுப்பு இந்தக் கணக்கிலேயே வரவில்லை. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு அது 2021இலிருந்து 12 மாதம். பெண்கள் பெரும்பான்மையாக இருக்கிற வேலையில் அந்த விடுப்புக்கு மாற்று ஆள் போடாவிட்டால், ஒருத்தியின் பிள்ளைப்பேற்றை மற்ற நர்சுகளும் நோயாளிகளும் தங்கள் தலையில் சுமக்கிறார்கள். நான் இரண்டு பிள்ளை பெற்றவள். விடுப்பில் இருந்த நாளெல்லாம் "உன்னாலதான் எனக்கு வாரா வாரம் நைட்டு" என்று ஒரு தோழி சொன்னது காதில் இருந்துகொண்டே இருந்தது. அவள் சொன்னதில் பொய் இல்லை. அப்படி ஒருவர்மேல் ஒருவரை ஏவிவிட்டது யார் என்று யோசிக்க அன்று எங்களுக்குத் தெரியவில்லை.

பாலை மறுபடி சூடுபண்ணும்போது அவர் கேட்டார்: "ஆள் கொறவுன்னா வேலை லேட்டாகும். அவ்வளவுதானே?"

அந்தக் கேள்விக்குத்தான் என் முப்பத்திரண்டு வருஷமும் பதில். நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருஷம் ஆன சமயம். வயிற்று ஆபரேஷன் முடிந்து ஒரு பெரியவர் வார்டுக்கு வந்தார். பத்து மணிக்கு நாடி பார்த்தேன், 84. பன்னிரண்டுக்குத் திரும்பப் பார்க்க வேண்டும். பதினொன்றரைக்குப் பஸ் விபத்துக் கேஸ்கள் ஏழு பேர் ஒன்றாக வந்தார்கள். நான் ஒருத்தி. பெரியவர் பக்கம் நான் திரும்பியபோது மணி மூன்று. நெற்றி சில்லென்று வேர்த்திருந்தது, நாடி விரலில் சிக்கவில்லை. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. தியேட்டருக்குக் கொண்டுபோனோம். அவர் பிழைக்கவில்லை. அவருடைய மனைவி கட்டிலுக்குக் கீழே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். "கஷ்டப்படுத்தாம அமைதியாத்தான் தூங்கினாரும்மா" என்று காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

உடம்பு சட்டென்று கெட்டுப்போவது குறைவு. பெரும்பாலும் சில மணி நேரத்துக்கு முன்னாலேயே அடையாளம் காட்டும். நாடி ஏறும், மூச்சின் எண்ணிக்கை கூடும், மூத்திரம் குறையும், ஆள் கொஞ்சம் அலட்டுவார். டாக்டர் காலையும் மாலையும் ரவுண்ட்ஸ் வருவார். இடையில் இருக்கிற மணி நேரங்களுக்குக் கண் நர்சுதான். ஆள் குறைந்தால் அந்தக் கண் பாதி மூடிவிடுகிறது.

இதை அளந்தும் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் லிண்டா எய்க்கன் என்ற நர்சிங் பேராசிரியை, பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார். ஒரு நர்சின் பொறுப்பில் அறுவை நோயாளி ஒருவர் கூடினால், அனுமதியான 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. நாலு பேரைப் பார்க்கும் நர்சையும் எட்டுப் பேரைப் பார்க்கும் நர்சையும் ஒப்பிட்டால் வித்தியாசம் 31 சதவீதம். அவர்கள் எட்டையே அதிகம் என்று எண்ணிப் பதறியிருக்கிறார்கள். கலிபோர்னியா மாநிலம் 1999இல் இதற்கென்றே சட்டம் போட்டு, 2004 முதல் ஒரு நர்சுக்கு இத்தனை நோயாளிக்கு மேல் கூடாது என்று நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2005 முதல் அங்கே பொது வார்டில் ஐந்து பேருக்கு ஒரு நர்ஸ், எந்த ஷிஃப்டிலும். நம்மிடம் இருப்பது அளவுதான். மீறினால் தண்டனை என்று ஒன்றும் இல்லை.

நம் ஊரிலேயே இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. ஒரு காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் சாயங்காலத்தோடு பூட்டிவிடும். ராத்திரி வலி எடுத்தால் வண்டி பிடித்து டவுனுக்குப் போக வேண்டும். 2000க்குப் பிறகு தமிழ்நாடு அரசு அங்கே மூன்று ஸ்டாஃப் நர்சுகளைப் போட்டு, ஷிஃப்டுக்கு ஒருவர் என்று இருபத்துநாலு மணி நேரமும் திறந்து வைத்தது. கிராமத்துப் பிரசவங்கள் வீட்டை விட்டு அங்கே வந்தன. 2018–20 கணக்கெடுப்பில் லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறக்கும்போது இறக்கும் தாய்மார் தமிழ்நாட்டில் 54 பேர், இந்தியாவுக்குச் சராசரி 97. இதற்குப் பல காரணம் உண்டு. கிராம சுகாதார செவிலியர்கள் வீடு வீடாக நடந்தது உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு, ரத்த வங்கி உண்டு. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் திறக்க ஒரு நர்ஸ் உள்ளே இருந்தார் என்பது அதில் பெரிய காரணம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

"பின்ன ஏன் ஆள் எடுக்க மாட்டேங்கறாங்க? படிச்சுட்டு எத்தனை பேர் சும்மா இருக்காங்க."

எடுக்கிறார்கள். எப்படி எடுக்கிறார்கள் என்பதில்தான் அடுத்த சிக்கல். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், நாங்கள் எம்.ஆர்.பி. என்போம், தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான நர்சுகளை எடுத்தது. ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷம் முடிந்தால் காலமுறை ஊதியம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். இரண்டு வருஷம் ஓடியது, காலியிடம் வர வரத்தான் நிரந்தரம் என்றார்கள். 2017 நவம்பர் கடைசியில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் அந்தப் பிள்ளைகள் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். உயர் நீதிமன்றம் போராட்டத்தைக் கைவிடச் சொன்னது. ஊதியம் பிறகு 14,000 ஆனது, அதன் பிறகு 18,000. அதே வார்டில், அதே ஊசியைப் போடுகிற நிரந்தர நர்ஸ் வாங்குவதில் இது பாதிகூட இல்லை. ஒப்பந்த நர்சுக்குச் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு உண்டா என்பதற்கே உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

கொரோனா வந்தபோது இன்னும் ஆயிரக்கணக்கில் எடுத்தார்கள். பி.பி.இ. உடைக்குள் வேர்த்து நனைந்து, வீட்டுக்குப் போகாமல் லாட்ஜ் அறைகளில் தங்கி வேலை பார்த்த பிள்ளைகள் அவர்கள். மொட்டை மாடியில் நின்று ஊரே கைதட்டியது. 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் புத்தாண்டன்று எனக்குத் தெரிந்த ஒரு பெண் போன் பண்ணி, "அக்கா, யூனிஃபார்மை என்ன பண்றது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

ஒப்பந்தம் என்பது அந்தப் பெண்ணுக்கு மட்டும் நஷ்டம் என்று நினைக்காதீர்கள். ஒரு நர்ஸ் வார்டில் பழுக்க ஐந்து வருஷமாவது வேண்டும். நோயாளியின் முகத்தைப் பார்த்தே "இவருக்கு ஏதோ சரியில்லை, சாரைக் கூப்பிடு" என்று சொல்லும் பார்வை புத்தகத்தில் வராது. நாளைக்கு இருப்போமா என்று தெரியாதவர் அந்த ஐந்து வருஷமும் வெளிநாட்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார். வளைகுடா, அயர்லாந்து, இங்கிலாந்து. இப்போது ஜெர்மன் மொழி வகுப்பிலும் நர்சுகள். அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். 2023 கணக்குப்படி உலகம் முழுக்க 2.98 கோடி நர்சுகள் இருக்கிறார்கள், இன்னும் 58 லட்சம் பேர் போதவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பணக்கார நாடுகள் அந்தப் பள்ளத்தை நம் வீட்டுப் பிள்ளைகளை வைத்து நிரப்புகின்றன. பழுத்த நேரத்தில் அவர்கள் போய்விடுகிறார்கள். இங்கே வார்டு எப்போதும் புதியவர்கள் கையில் இருக்கிறது.

தனியார் பக்கம் இதைவிட மோசம். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நர்சுகள் சங்கம் போட்ட வழக்கில் ஒரு குழு அமைக்கச் சொன்னது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்சுக்குச் சமமான சம்பளம், 50 படுக்கைக்குக் கீழ் என்றால்கூட மாதம் 20,000க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. கேரளத்தில் நர்சுகள் சங்கம் வைத்துத் தெருவில் இறங்கிய பிறகு, 2018இல் அந்த 20,000ஐக் குறைந்தபட்ச ஊதியமாக அரசாணை போட்டார்கள். மற்ற பல இடங்களில் பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது. வேலைக்குச் சேரும்போது ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கிப் பீரோவில் பூட்டிக்கொண்டு, "பாண்டு முடியாமல் போனால் இவ்வளவு கட்டு" என்று மிரட்டும் வழக்கம் இன்னும் சாகவில்லை. ஒரு மனுஷியின் படிப்பை அடமானம் வாங்குவது அது. இன்னொன்றும் நடக்கிறது. ஆறு மாத, ஒரு வருஷச் சான்றிதழ் படிப்பு முடித்த பெண்களுக்கு வெள்ளை உடை போட்டுச் சிறு நர்சிங் ஹோம்களில் நர்ஸ் என்று நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பெண்களும் ஏமாற்றப்பட்டவர்களே. முறையாகப் படித்தவர் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவு செய்திருப்பார். உங்கள் வீட்டாரை ஓரிடத்தில் சேர்க்கும்போது அந்தப் பதிவு உண்டா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நர்சின் உடம்பைப் பற்றித் தம்பி கேட்கவில்லை, நானாகவே சொன்னேன். நடுமுதுகு தேயாமல் ஓய்வு பெற்ற நர்சை நான் பார்த்ததில்லை. எழுபது கிலோ ஆளைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும், அந்த இரண்டாவது ஆள்தான் இல்லையே. அவசரத்தில் ஊசி கையில் குத்தும். தடுப்பூசி போடாதவருக்கு, ஹெபடைடிஸ் பி உள்ள நோயாளியின் ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை. எச்.ஐ.வி. என்றால் 0.3 சதவீதம். அந்த 0.3க்காகச் சோதனை முடிவு வரும்வரை நான் என் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்காமல் இருந்திருக்கிறேன்.

பிறகு அடி. இறப்பு நடந்த வார்டில் முதலில் கையில் சிக்குவது நர்ஸ்தான். டாக்டர் அறைக்குக் கதவு உண்டு, நர்சின் மேஜைக்குக் கதவு கிடையாது. தமிழ்நாட்டில் 2008லிருந்து இதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது, ஜாமீனில் வர முடியாத குற்றம். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குச் சட்டம் வார்டு வாசலில் நிற்காது.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இருந்தாலும் அவங்க அப்படிக் கத்தியிருக்க வேண்டாம்" என்றார்.

"வேண்டாம்தான்" என்றேன். இதில் என் இனத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. நோயாளியின் வீட்டார் பயந்துபோய் நிற்கும்போது எரிந்து விழுவது தப்பு. நானும் அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன், இன்றைக்கும் வருந்துகிறேன். ஆனால் அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும்? மெமோ வரும். விளக்கம் எழுதுவாள். வேறு வார்டுக்கு மாற்றுவார்கள். நாளை ராத்திரியும் அந்த நாற்பது கட்டிலுக்கு இரண்டு பேர்தான் இருப்பார்கள்.

"அப்போ எழுத வேணாங்கறீங்களா?"

"எழுதுங்க தம்பி. நல்லா எழுதுங்க."

காலண்டர் தாளை அவரிடமே கொடுத்தேன். இன்று ராத்திரிக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று சொன்னேன். ராத்திரி பாட்டிலில் நூறு மில்லி இருக்கும்போதே சிஸ்டர் மேஜைக்குப் போய்க் கட்டில் நம்பரைச் சொல்லுங்கள். தீர்ந்த பிறகு ஓடாதீர்கள். அப்பா வழக்கத்தைவிட வேகமாக மூச்சு வாங்கினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, மூத்திரம் போகாவிட்டாலோ உடனே சொல்லுங்கள். அதற்குக் கூச்சப்படவே வேண்டாம், திட்டினாலும் பரவாயில்லை.

நாளைக்குப் புகார் எழுதும்போது இருபது நிமிஷத்தை எழுதுங்கள். அதற்கு அடுத்த வரியில் அந்த ராத்திரி வார்டில் எத்தனை நோயாளிகள் இருந்தார்கள், எத்தனை நர்சுகள் இருந்தார்கள் என்ற இரண்டு எண்களையும் எழுதுங்கள். இதைப் படிக்கிற உங்களிடமும் நான் கேட்பது அதுதான். மருத்துவமனை மேல் புகாரோ பாராட்டோ எழுதினால், அந்த இரண்டு எண்களையும் சேர்த்து எழுதுங்கள்.